ஸ்கோப்பில் ஒன்றும் இல்லை என்றால் ரத்தம் எங்கிருந்து வருகிறது?

மலம் தார் மாதிரி கருப்பாகப் போகிறது என்றதும் ராமநாதபுரம் கடலோரத்தில் யார் வாயிலும் முதலில் வருவது அல்சர்தான். பல நேரம் அது சரியாகவும் இருந்துவிடுகிறது. ஹெலிகோபாக்டர் கிருமியும், வலை இழுத்த உடம்புவலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் வலி மாத்திரையும் சேர்ந்தால் இரைப்பையில் புண் வருவதில் வியப்பில்லை. குடிப்பழக்கத்தால் கல்லீரல் சுருங்கி, உணவுக்குழாயின் ரத்தக் குழாய்கள் வீங்கி வெடிப்பதும் உண்டு. இந்த இரண்டையும் எண்டோஸ்கோப்பி பத்து நிமிடத்தில் காட்டிவிடும். பிறகு மாத்திரையோ, கிளிப்போ, வளையமோ போட்டு ஆளை அனுப்பிவிடுவார்கள்.

இந்தக் கட்டுரை மற்றவர்களைப் பற்றியது. வாய் வழியாக ஒரு ஸ்கோப், ஆசனவாய் வழியாக ஒரு ஸ்கோப் என இரண்டும் பார்த்த பிறகும் ரத்தம் வரும் இடம் பிடிபடாதவர்கள் நூறில் ஐந்து பேர் அளவில் இருக்கிறார்கள். அந்த ஐந்திலும் ஒரு சிறு பங்கினருக்குக் காரணம் குடலே இல்லை. குடலுக்கு வெளியே வயிற்றுக்குள் ஓடும் ஏதோ ஒரு தமனி புடைத்து, அதன் சுவர் நைந்து, குடலுக்குள் வழி கண்டுபிடித்திருக்கும். எண்ணிக்கையில் இவர்கள் குறைவு. ஆனால் தவறவிட்டால், அடுத்த முறை ரத்தம் போகும்போது மருத்துவமனை போய்ச் சேர நேரம் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

ஸ்கோப் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. மேலிருந்து போகும் ஸ்கோப் முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதி வரை போகும். கீழிருந்து போவது பெருங்குடல் முழுவதையும், சிறுகுடலின் கடைசி சில அங்குலங்களையும் காட்டும். நடுவே பல மீட்டர் நீளத்துக்குச் சிறுகுடல் பார்க்கப்படாமலே கிடக்கிறது. இரண்டு ஸ்கோப்பிலும் தென்படாத ரத்தப்போக்கில் பெரும்பகுதி இந்தச் சிறுகுடலிலிருந்துதான் வருகிறது. அதனால் 2015-ல் அமெரிக்க இரைப்பை குடலியல் கல்லூரி தன் வழிகாட்டுதலை மாற்றியது: சிறுகுடலையும் ரத்தக் குழாய்களையும் பார்த்த பிறகும் இடம் தெரியாவிட்டால் மட்டுமே ‘காரணம் புலப்படாத ரத்தப்போக்கு’ என்று எழுத வேண்டும்.

ரத்தம் குடலுக்குள் வர இன்னொரு வழியும் இருக்கிறது. முன்சிறுகுடலின் பக்கச் சுவரில் ஒரு சின்ன மேடு உண்டு. பித்தக்குழாயும் கணையக்குழாயும் வந்து திறக்கும் வாசல் அது. கல்லீரலிலோ கணையத்திலோ உடைந்த தமனியின் ரத்தம் இந்த வாசல் வழியே குடலுக்கு வரும். சாதாரண எண்டோஸ்கோப்பியின் கண் நேராகப் பார்ப்பது. இந்த மேடு பக்கவாட்டில் இருப்பதால் பாதி நேரம் சரியாகத் தெரியாது. தெரிந்தாலும், பார்க்கும் நிமிடத்தில் ரத்தம் சொட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது விட்டுவிட்டு வருவது. ஆக, ‘ஸ்கோப் நார்மல்’ என்ற ரிப்போர்ட்டை நோய் இல்லை என்று படிக்கக் கூடாது. இந்த இடங்களில் இல்லை, அடுத்த இடத்தில் தேடுங்கள் என்றுதான் படிக்க வேண்டும்.

பாம்பன் பக்கம் விசைப்படகில் போகும் நாற்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆள் கற்பனை, நோய் நிஜம். பல வருடக் குடி. இரண்டு மூன்று வருடமாக மேல்வயிற்றில் வலி. முதுகுக்குப் போய்க் குத்தும். குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். சமீபத்தில் சர்க்கரையும் வந்துவிட்டது. ஒரு ராத்திரி வலி தாங்க முடியாமல் போகிறது. விடியும்போது யாரோ கையால் எடுத்துவிட்டது போல வலி காணாமல் போகிறது. அப்புறம் மலம் கருப்பாகப் போகிறது, படகில் ஏறும்போது தலை சுற்றுகிறது. மருத்துவமனையில் ஹீமோகுளோபின் 6. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றுகிறார்கள். இரண்டு ஸ்கோப்பும் சுத்தம். நாலாம் நாள் மலம் மஞ்சளாகிவிடுகிறது.

“டாக்டரம்மா, இப்ப நல்லாத்தான போகுது. வீட்டுக்குப் போயிரவா? தடைக்காலம் வரட்டும், அப்ப வந்து மிச்ச டெஸ்ட்டைப் பாத்துக்கிறேன்.”

“இருங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வலி விட்ட பிறகு கருப்பாப் போச்சா, இல்ல கருப்பாப் போய்க்கிட்டே இருந்தப்பவும் வலி இருந்துச்சா?”

“வலி விட்ட பெறகுதாம்மா.”

இந்த ஒரு பதிலுக்கு ஒரு சிடி ஸ்கேனின் பாதி மதிப்பு உண்டு. நாள்பட்ட கணைய அழற்சியில் கணையத்தின் செரிமான நொதிகள் கசிந்து, பக்கத்தில் ஓடும் தமனியின் சுவரையே அரித்துவிடுகின்றன. மண்ணீரலுக்குப் போகும் தமனி கணையத்தின் மேல்விளிம்பை ஒட்டியே வளைந்து வளைந்து போவதால் பெரும்பாலும் அதுதான் மாட்டுகிறது. அரிபட்ட இடத்தில் ரத்தம் பையாகத் தேங்கி, அது கணையக்குழாய்க்குள் உடைகிறது. குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்ததும் அழுத்தம் ஏறி வலி உச்சத்துக்குப் போகிறது. கட்டி நகர்ந்து குடலில் விழுந்ததும் வலி விடுகிறது, ரத்தம் வெளியே வருகிறது. உறைவு மறுபடி அடைத்துக்கொள்ளும், ரத்தம் நிற்கும், நோயாளி குணமாகிவிட்டதாக நினைப்பார். இது வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப நடக்கும். ஸ்வீடன் அறுவை மருத்துவர் பிலிப் சாண்ட்ப்ளோம் 1970-ல் இதற்கு ‘ஹீமோசக்கஸ் பேன்க்ரியாட்டிகஸ்’ என்று பெயர் வைத்தார். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. வலியும் ரத்தமும் மாறி மாறி வரும் அந்த ஒழுங்கை நினைவில் வைத்தால் போதும்.

குடிக்காதவர்களுக்கும் இது வரலாம். தென்னிந்தியாவில் மது தொடாத இளவயதினருக்கு, சிறுவயதிலிருந்தே வயிற்றுவலியாகத் தொடங்கி, கணையக்குழாயில் கற்கள் சேர்ந்து, பிறகு சர்க்கரையில் கொண்டுபோய் விடும் ஒரு வகைக் கணைய அழற்சி நீண்ட காலமாகவே பதிவாகி வருகிறது. மரவள்ளிக்கிழங்கின் மேல் ஒரு காலத்தில் பழி போட்டார்கள், நிரூபணமாகவில்லை. மரபணுக் கோளாறுகளுக்குப் பங்கு இருப்பது இப்போது தெரிகிறது. ஆகவே ‘நம்ம பிள்ளை குடிக்காது, கணையமெல்லாம் இருக்காது’ என்று வீட்டில் சொல்வது வாதமாகாது.

இப்படி அரிபட்டு உண்டாகும் பையை மருத்துவர்கள் போலிப் புடைப்பு, அதாவது சூடோ அனியூரிசம் என்கிறார்கள். உண்மையான அனியூரிசத்தில் தமனியின் மூன்று அடுக்குச் சுவரும் சேர்ந்து புடைத்திருக்கும். போலியில் சுவரே கிடையாது. உறைந்த ரத்தமும் சுற்றியுள்ள சதையும்தான் வேலி. அதனால்தான் உண்மையான புடைப்பில் அளவு பார்த்துக் காத்திருக்கலாம், போலியில் ஒரு சென்டிமீட்டராக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. வயிற்றுத் தமனிப் புடைப்புகளில் சுமார் 60 சதவீதம் மண்ணீரல் தமனியிலும், 20 சதவீதம் கல்லீரல் தமனியிலும் வருகின்றன. மீதி, குடலுக்குப் போகும் மேல் தமனி, இரைப்பை, முன்சிறுகுடல், கணையத் தலைப்பகுதிக் கிளைகள் என்று சிதறிக் கிடக்கும்.

கல்லீரல் தமனியின் கதை இந்த மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமானது. சாயல்குடி, கடலாடிப் பக்கம் பனை ஏறுகிறவர் ஒருவர் மரத்திலிருந்து விழுகிறார் என்று வையுங்கள். விலா எலும்பு முறிவு, கல்லீரலில் சிறு கிழிசல். ஆபரேஷன் இல்லாமலே ஆறிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து வலது பக்கம் வலி, கண்ணில் மஞ்சள், கருப்பு மலம். விழுந்ததை யாரும் இதோடு முடிச்சுப் போட மாட்டார்கள். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள். கிழிந்த இடத்துத் தமனி புடைத்து, பித்தக்குழாய்க்குள் உடைந்திருக்கிறது. வலி, மஞ்சள், ரத்தம் என்ற இந்த மூன்றையும் 1871-லேயே குவின்க்கே என்ற ஜெர்மன் மருத்துவர் சேர்த்து எழுதிவிட்டார். ஆனால் மூன்றும் ஒன்றாக வருவது மூன்றில் ஒருவருக்குத்தான். இன்று இதே கதை பித்தப்பை லேப்ராஸ்கோப்பி, கல்லீரல் பயாப்ஸி, பித்தக்குழாயில் டியூப் வைப்பது ஆகியவற்றுக்குப் பிறகும் நடக்கிறது. சமீபத்தில் வயிற்றில் அடிபட்டதா, ஏதாவது சிகிச்சை நடந்ததா என்று டாக்டர் கேட்கும்போது ‘அது போன மாசம், அதுக்கும் இதுக்கும் என்ன’ என்று நாமே தள்ளிவிடக் கூடாது.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாதக் காய்ச்சலால் பழுதான இதய வால்வில் கிருமி தங்கி, அங்கிருந்து துணுக்கு உதிர்ந்து குடல் தமனியில் போய் ஒட்டிப் புடைப்பை உண்டாக்கும். விடாத காய்ச்சலோடு குடல் ரத்தப்போக்கு என்றால் இதை நினைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஈர மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் தொற்றும் மெலியாய்டோசிஸ் கிருமியும் தமனியைக் கெடுக்கக்கூடியது. பெருந்தமனிக்கு முன்பே செயற்கைக் குழாய் வைத்தவருக்கு அது குடலோடு உரசித் துளை விழலாம். முதலில் கொஞ்சம் ரத்தம் வந்து தானாக நிற்கும், சில மணி அல்லது சில நாளில் வெள்ளமாக வரும். அந்த முதல் கசிவு எச்சரிக்கை மணி. கர்ப்பிணிகளுக்கு மண்ணீரல் தமனிப் புடைப்பு வெடிப்பது அரிது. வெடித்தால் பெரும்பாலும் குடலுக்குள் அல்ல, வயிற்றுக்குள்தான். தாய்க்கும் சேய்க்கும் அது மிகப் பெரிய ஆபத்து. அதனால் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்ணிடம் இந்தப் புடைப்பு தற்செயலாகத் தெரிந்தால், அளவு எதுவானாலும் சரி செய்துவிடச் சொல்கிறது அமெரிக்க ரத்தநாள அறுவைச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல். மற்றவர்களுக்கு அதே தமனியில் மூன்று சென்டிமீட்டர் வரை கண்காணிக்கலாம்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? முதலில் நாடியும் ரத்த அழுத்தமும். ஹீமோகுளோபின் எண்ணை மட்டும் நம்புவது பெரிய ஏமாற்று. ரத்தம் போன உடனே அந்த எண் இறங்காது. உடம்பு நீரால் இடத்தை நிரப்பிய பிறகுதான் இறங்கும், அதற்குப் பல மணி நேரம் ஆகும். படுத்திருக்கும்போதே நாடி 120 என்றால், எண் 10 என்று காட்டினாலும் ஆள் ஆபத்தில் இருக்கிறார். மலத்தின் நிறமும் சில சமயம் ஏமாற்றும். இரும்புச் சத்து மாத்திரை, ரத்தப் பொரியல், சுத்தம் செய்யாத கணவாயின் மை எல்லாம் மலத்தைக் கருப்பாக்கும். ஆனால் பிசுபிசுப்பும், ஒருமுறை முகர்ந்தால் மறக்காத அந்த நாற்றமும் செரித்த ரத்தத்துக்கு மட்டும்தான் உண்டு.

அடுத்த சோதனை எது என்பது ரத்தம் இப்போது போய்க்கொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா என்பதைப் பொறுத்தது. போய்க்கொண்டிருந்தால், அல்லது கணைய நோய், அடி, காய்ச்சல் போன்ற துப்பு இருந்தால், சிடி ஆஞ்சியோகிராம்தான் என் கணக்கில் முதல் இடம். கை நரம்பில் அயோடின் கலந்த டை வேகமாக ஏற்றி, அது தமனிகளில் நிறைந்திருக்கும்போது ஒருமுறை (தமனிக் கட்டம்), சிரைகளுக்கு வந்த பிறகு ஒருமுறை (சிரைக் கட்டம்) எனத் தனித்தனியாகப் படம் எடுப்பார்கள். நிமிடத்துக்கு 0.3 மில்லி கசிந்தாலே அது பிடித்துவிடும். ரத்தம் நின்றிருந்தாலும் புடைப்பு எங்கும் ஓடிவிடாது. தமனிக் கட்டப் படத்தில் பளிச்சென்று தெரியும். இங்கே ஒரு சின்ன விஷயம் பெரிய வித்தியாசம் செய்கிறது. சாதாரண வயிற்று சிடிக்குக் குடிக்கக் கொடுக்கும் வெள்ளை மருந்தை இந்தச் சோதனைக்குக் கொடுக்கக் கூடாது. குடல் முழுக்க வெள்ளையாகிவிட்டால் கசியும் ரத்தம் அதற்குள் மறைந்துபோகும். ‘வயிறு சிடி எடுத்தாச்சு, நார்மல்’ என்று பலர் கொண்டுவரும் படங்களில் தமனிக் கட்டமே இருக்காது. அது இந்தக் கேள்விக்கு எடுத்த சிடியே அல்ல. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று கிரியாட்டினின் பார்ப்பார்கள். கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்பதற்காக, ரத்தம் கொட்டும் ஆளுக்கு இதைத் தள்ளிப்போடுவது பெரும்பாலும் நியாயமில்லை.

ரத்தம் நின்று, நோயாளி நிதானமாக இருந்தால், விழுங்கும் கேமரா கேப்ஸ்யூல் நல்ல வழி. 2001-லிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. பெரிய மாத்திரை அளவு, சுமார் 26 மில்லிமீட்டர் நீளம். எட்டு மணி நேரத்துக்கு மேல் படம் எடுத்துக்கொண்டே குடலில் போகும். சிறுகுடல் புண், சின்னச் சின்ன ரத்தக்குழாய்க் கோளாறு, கட்டி இவற்றைக் கண்டுபிடிப்பதில் இதை மிஞ்சியவை குறைவு. ஆனால் கணையத்திலும் கல்லீரலிலும் உள்ள புடைப்பை அது பார்க்காது. அதிகபட்சம், மேல்குடலில் ரத்தம் கிடக்கிறது என்று சொல்லும். பணமும் நாளும் செலவழித்து கேப்ஸ்யூல் பார்த்து, அதுவும் நார்மல் என்றதும் குடும்பம் தளர்ந்துபோவதைத் தவிர்க்க, கணைய வலி உள்ளவருக்கு சிடி ஆஞ்சியோவை முன்னால் வைப்பது நல்லது. பக்கவாட்டுக் கண் உள்ள ஸ்கோப்பை வைத்து, ரத்தம் போகும் நேரத்திலேயே பித்தக்குழாயும் கணையக்குழாயும் திறக்கும் அந்த வாசலைப் பார்ப்பதும் பலன் தரும்.

சிகிச்சையில் பாதி, இடத்தைக் கண்டுபிடிப்பதோடு முடிந்துவிடுகிறது. அதற்குள் ரத்தம் ஏற்றி ஆளைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். இங்கும் அதிகம் நல்லதல்ல. 2013-ல் பார்சிலோனாவிலிருந்து வந்த ஆய்வு, மேல்குடல் ரத்தப்போக்கில் ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் மட்டும் ஏற்றியவர்கள், 9-க்குக் கீழே போனதும் ஏற்றியவர்களைவிட அதிகம் பேர் பிழைத்ததைக் காட்டியது. ஆனால் குபுகுபுவென்று கொட்டும் ஆட்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை; அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இதய நோய் உள்ளவர்களுக்கும் கொஞ்சம் உயர்த்தித்தான் வைப்பார்கள்.

அடைப்பது ஆஞ்சியோ அறையில். இதயத்துக்குச் செய்வது போலவே தொடைக் கவட்டிலோ மணிக்கட்டிலோ ஊசி குத்தி, மெல்லிய கம்பியைச் செருகி, அதன் மேல் குழாயை ஓட்டுவார்கள். 1953-ல் செல்டிங்கர் என்ற ஸ்வீடன் மருத்துவர் காட்டிய வழி அது. மயக்கம் பெரும்பாலும் வேண்டாம். குத்தும் இடம் மட்டும் மரத்திருக்கும், டை போகும்போது வயிற்றுக்குள் சூடு பரவுவது போல இருக்கும். திரையில் தமனிகள் கிளை கிளையாகக் கருப்பாக விரியும். புடைப்பு உள்ள இடத்தில் டை ஒரு சொட்டாகத் தேங்கி, மற்றக் கிளைகள் வெளுத்த பிறகும் வெளுக்காமல் நிற்கும். அங்கே, முடியளவு நுண்குழாய் வழியே பிளாட்டினம் கம்பிச் சுருள்களைத் தள்ளுவார்கள். வெளியே வந்ததும் சுருண்டுகொள்ளும். அதைச் சுற்றி ரத்தம் உறையும். புடைப்புக்கு முன்னால் மட்டும் அடைத்தால் வேலை முடியாது என்பதுதான் இதில் சூட்சுமம். வயிற்றுத் தமனிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் ரத்தம் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்துவிடும். அதனால் முதலில் புடைப்பைத் தாண்டிப் போய்ப் பின்வாசலை அடைத்து, அப்புறம் முன்வாசலை அடைப்பார்கள். தாண்ட முடியாத மெல்லிய கிளைகளுக்கு திரவப் பசை. அடைத்தால் உறுப்பே பட்டுப்போகும் என்ற பெரிய தமனிகளில், குறிப்பாகக் குடலுக்குப் போகும் மேல் தமனியில், உறை போட்ட ஸ்டென்ட் வைத்து ரத்த ஓட்டத்தை வைத்துக்கொண்டே புடைப்பை மட்டும் ஒதுக்கிவிடுவார்கள். குழாய் போக முடியாத இடத்துக்கு, தோல் வழியாகவோ எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டு வழியாகவோ ஊசி விட்டு, ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின் செலுத்துவதும் நடக்கிறது.

பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே ரத்தம் நிற்கும். நிற்காதவர்களுக்கும், புடைப்பு உடைந்து ரத்த அழுத்தம் கிடைக்காதவர்களுக்கும் அறுவை சிகிச்சை: தமனியைக் கட்டுவது, அல்லது கணையத்தின் வால்பகுதியை மண்ணீரலோடு எடுப்பது. மண்ணீரல் போனவர் நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. மண்ணீரல் தமனியை அடைத்தவருக்கும் சில நாள் இடப்பக்க வலியும் காய்ச்சலும் இருக்கலாம். அது மண்ணீரலின் ஒரு பகுதி வாடுவதால். பெரும்பாலும் தானாக அடங்கும்.

இனி தூரம். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர், அங்கிருந்து மதுரை இன்னும் 115. ராமநாதபுரத்தில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் நடுராத்திரி தமனியில் சுருள் வைக்கும் நிபுணர் என்பது எந்த மாவட்டத் தலைநகரிலும் கேட்டவுடன் கிடைக்கும் வசதி இல்லை. ஆகவே ரத்தம் நின்ற அந்த நாலைந்து நாள்தான் இந்தக் கடலோரத்துக்காரருக்குக் கிடைக்கும் உண்மையான வாய்ப்பு. பாம்பன்காரர் ஏப்ரல் 15-ல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வரை காத்திருக்க நினைத்தாரே, அந்த நினைப்புதான் ஆபத்து. மலம் மஞ்சளானதும் வீட்டுக்குக் கிளம்பாமல், ‘இடம் தெரிஞ்சிருச்சா? தமனிக் கட்டத்தோட சிடி எடுத்தாச்சா?’ என்ற இரண்டு கேள்வியைக் கேளுங்கள். இல்லை என்றால், நிலையாக இருக்கும்போதே மதுரைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு வையுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை அதில் வரம்பு உண்டு. எந்தச் சிகிச்சை அதில் வருகிறது என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடலாம். ஸ்கேன் ரிப்போர்ட் காகிதத்தோடு படங்கள் உள்ள டிஸ்க்கையும் வாங்குங்கள். மதுரையில் பார்க்கும் கதிரியல் மருத்துவருக்குக் காகிதத்தைவிட அதுதான் வேண்டும். சாப்பிடும் வலி மாத்திரை, ஆஸ்பிரின், ரத்தம் இளக்கும் மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். மறுபடி கருப்பாகப் போய் மயக்கம் வந்தால் கார் தேடாமல் 108.

சுருள் வைத்து வீடு திரும்பியவருக்குக் கணைய நோய் அப்படியேதான் இருக்கும். குடியை விட வேண்டும், சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், டாக்டர் எழுதினால் சாப்பாட்டோடு நொதி மாத்திரை. சில வாரத்திலிருந்து சில மாதத்துக்குள் மறுபடி ஒரு சிடி ஆஞ்சியோ எடுத்து, புடைப்பு முழுதாக அடைபட்டிருக்கிறதா, வேறு இடத்தில் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கான தேதியை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.